ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதம்

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடிக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், இடையிடையே நாவல்கள். ஒருமுறை ஒரு கருமாதிப் பத்திரிகைக்கு நான் அவ்வளவு கவனமாகப் பிழை பார்த்திருந்தேன், செத்துப்போனவரே மறுநாள் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். முதலாளி இதை நம்ப மாட்டார். அவர் அன்றைக்கு லீவு.

பிழை திருத்துபவனுக்கு ஓர் எல்லை உண்டு. கொம்பு, கால், புள்ளி இவற்றோடு நின்றுகொள்ள வேண்டும். கதாநாயகி நூற்றெண்பதாம் பக்கத்தில் ஒரு மடையனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறாள் என்றால், அது எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும், நாம் வாயை மூடிக்கொண்டு 'மடையன்' என்ற சொல் ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் பார்த்தேன். 2004இல் ஓய்வு பெற்றேன். பெரிய பிழைகளைக் கவனிக்க அப்போதுதான் நேரம் கிடைத்தது.

பழைய புத்தகங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அச்சாகி முடிந்த பிறகு தவறு கண்ணில் பட்டால், 'பிழை திருத்தம்' என்று தலைப்புப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு அடித்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். இன்ன பக்கம், இன்ன வரி, இப்படி இருப்பதை இப்படித் திருத்திப் படிக்கவும். வாசகர்களும் மறுபேச்சில்லாமல் திருத்திப் படிப்பார்கள். இந்த நாட்டில் யாரும் எதிர்த்துக் கேட்காத அதிகாரம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு நூலகம் இருந்தது. அங்கே பழைய நாவல்கள் மூன்று பீரோ நிறைய. எல்லாரும் அருமையான நாவல் என்பார்கள், யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். அந்த ரகம். நூலகர் ஆரோக்கியராஜ் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்பிள்ளை என்பேன். உறவு ஒன்றும் கிடையாது. இருபது வருஷம் ஒரே பத்திரிகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்ததில் வந்த உறவு.

அந்த நாவல்களுக்கு நானே எழுதிய பிழை திருத்தச் சீட்டுகளை அடித்துக் கொடுத்தது ராபர்ட். அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவன், எனக்குப் பத்து வயது இளையவன். கிடங்கில் சுதந்திரத்துக்கு முந்தைய காகிதக் கட்டு ஒன்று பழுப்பேறிக் கிடந்தது. ஈய எழுத்தும் மூலையில் இருந்தது. ராபர்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"அண்ணே, அம்பதுக்குக் கொறஞ்சி நான் மிஷின்ல ஏத்த மாட்டேன்."

"எனக்கு ஒண்ணு போதும்டா."

"ஒண்ணு அடிச்சாலும் அம்பது அடிச்சாலும் அதே மை, அதே கால் வலி. உங்களுக்கு ஒண்ணு, மீதி நாப்பத்தொம்பது எங்கிட்ட கெடக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு குடும்ப நாவலில் முந்நூறு பேர் சாப்பிடும் கல்யாணப் பந்தி வருகிறது. 'பக்கம் 94: மோர்க்குழம்பு விடுபட்டுவிட்டது. வாசகர்கள் தாங்களே ஊற்றிக்கொள்ளவும்' என்று ஒட்டினேன். இன்னொன்றில் ஒரு பசு நாலு அத்தியாயம் வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிறது; 'இந்நாவலின் பசுவைப் பக்கம் 60க்குப் பிறகு கண்டவர்கள் பதிப்பகத்தாருக்குத் தெரிவிக்கவும்.' கதாநாயகன் நாற்பது பக்கம் யோசிக்கும் நாவல் ஒன்று உண்டு. அதற்கு, 'இவ்விடத்தில் வாசகர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.'

எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். அச்சான எழுத்தின்மேல் பேனா படக்கூடாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை மட்டும். தண்ணீர் தொட்டால் பெயர்ந்து வந்துவிடும். கவிதைப் புத்தகத்தின் பக்கமே போவதில்லை. அங்கே எது பிழை என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

2006இல் 'கோமளாங்கி அல்லது தவறிய ரயில்' என் கைக்கு வந்தது. புவனகிரி சொக்கப்பன் என்பவர் 1938இல் எழுதியது. அவர் 1951இல் காலமாகிவிட்டார், அதனால் அவரிடம் நேரில் கேட்க முடியாமல் போயிற்று. கதை இதுதான். கோமளாங்கி சிதம்பரம் கீழவீதிப் பெண். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவன் ரங்கூனுக்குப் போக ரயிலேறுகிறான். கடைசி நேரத்தில் அவளும் கூடப் போவதென்று முடிவு செய்து, வெறுங்காலோடு வீட்டிலிருந்து ரயிலடிக்கு ஓடுகிறாள். 287ஆம் பக்கம், பதினான்காம் வரி: 'ரயில் போய்விட்டது.' அதற்கப்புறம் பதினொரு பக்கம் அவள் இருமி இருமிச் செத்துப்போகிறாள்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சிதம்பரம் போனேன். கீழவீதியிலிருந்து ரயிலடிக்கு நடந்து பார்த்தேன். நான்காம் நாள் ராபர்ட்டிடம் எழுதிக் கொடுத்தேன்:

'பிழை திருத்தம். பக்கம் 287, வரி 14: "ரயில் போய்விட்டது" என்பதை "ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதம்" என்று திருத்திப் படிக்கவும். அதன் பின் வரும் பதினொரு பக்கங்களை வாசகர்கள் பொருட்படுத்த வேண்டாம். இப்படிக்கு, ஆசிரியர்.'

ஒட்டியபின் நன்றாகத் தூங்கினேன்.

2010 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. நானும் ஆரோக்கியராஜும் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தோளில் பை, கையில் பண்ருட்டி முந்திரிப் பொட்டலம். பெயர் மாலதி. குறிஞ்சிப்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. சில வருஷங்களுக்கு முன் இங்கே வந்து நாள் கணக்கில் குறிப்பெடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"சார், நீங்கதான குடை சார்?" என்றாள் என்னைப் பார்த்து.

அப்போது அவளிடம் என் குடையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். 1977இல் வெள்ளிக் கடற்கரையில் ஒரு அலை என் குடையை இழுத்துக்கொண்டு போனதும், மூன்று நாள் கழித்துப் பரங்கிப்பேட்டையில் அது கரையேறியபோது உள்ளே அரைக் கிலோ சுதும்பு மீன் இருந்ததும். ஏன் என்று தெரியவில்லை, அவள் அதை வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியராஜிடம் ஓர் அழைப்பிதழை நீட்டினாள். "திங்கக்கெழமை சிதம்பரத்துல எனக்கு வைவா சார். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. யாரு வேணா வரலாம், யாரு வேணா கேள்வி கேக்கலாம். நீங்க அவசியம் வரணும். இந்த லைப்ரரில கெடச்ச ஒரு சீட்டுதான் என் ஆய்வுக்கே உயிரு."

"எந்தச் சீட்டும்மா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கோமளாங்கின்னு ஒரு நாவல் சார். எல்லாரும் அது சோகக் கதைன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆனா ஆசிரியர் பின்னாடி மனசு மாறி, முடிவயே மாத்தி ஒரு பிழை திருத்தம் அடிச்சி ஒட்டியிருக்காரு. மெட்ராஸ்ல இருக்குற பிரதியில அது இல்ல. இங்க மட்டுந்தான் இருக்கு. என் நாலாவது இயலே அதான். 'ஆசிரியரின் மனமாற்றம்'னு பேரு. தேர்வாளருங்க மூணு பேருமே அந்த இயலத்தான் ரொம்பப் பாராட்டியிருக்காங்க."

முந்திரிக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நெய்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். ஜூனுக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் எட்டு பீரியட் எடுத்துவிட்டு, அதற்கு மேல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

"அம்மா," என்றேன். "அந்தச் சீட்ட ஒட்டுனது நான்தான்."

மாலதி சிரித்தாள். ஆரோக்கியராஜ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "மாமா, அன்னிக்குக் குடை, இன்னிக்குச் சீட்டா?"

"நெசமாத்தான் மாப்ள."

"அப்ப அந்த நாவல எழுதுனது யாரு? அதுவும் நீங்கதானா?"

"சார் இருக்குற எடம் எப்பவுமே கலகலன்னு இருக்கு," என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஓர் அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அறுபத்தாறு வயதில் முதல்முறையாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், வாங்குவதற்கு ஆள் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நம்ப வைப்பதற்குப் பொய்யை விட உண்மைக்குத்தான் வேலை ஜாஸ்தி.

சனிக்கிழமை ராபர்ட்டைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினேன். அவன் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது.

வீட்டில் மாலதியும் அவள் அம்மா தைலம்மாளும் இருந்தார்கள். தைலம்மாள் கரும்பு வெட்டப் போய்ப் பெண்ணைப் படிக்க வைத்தவர். எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"மறுபடியும் சீட்டு கதையா சார்?" என்றாள் மாலதி.

ராபர்ட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் கவிழ்த்தான். நாற்பத்தொன்பது சீட்டுகள். நாற்பத்தொன்பதிலும் ரயில் பன்னிரண்டு நிமிஷம் தாமதம்.

அவள் ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். தன் பையிலிருந்து நூலகத்துச் சீட்டின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் 'நிமிஷம்' என்ற சொல்லில் ஒரே இடத்தில் ஈய எழுத்து உடைந்திருந்தது. மின்விசிறி சீட்டுகளை அறை முழுக்கப் பறக்கவிட்டது. யாரும் பிடிக்கவில்லை.

"அஞ்சு வருஷம் சார்," என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ராபர்ட் என்னைவிடக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கு வேற வேல இல்லியா?"

"இல்லம்மா. ரிட்டயர் ஆயிட்டேன்."

"இதுல பதில் வேற சொல்றீங்க!"

நான் சொன்னேன். "ஒண்ணு செய்யலாம். இத இங்கியே கொளுத்திடுவோம். நான் சொன்னா எப்படியும் ஒருத்தனும் நம்பப் போறதில்ல. ராபர்ட்டு வாயத் தொறக்க மாட்டான். திங்கக்கெழம நீ போயி பட்டத்த வாங்கிட்டு வா. உனக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்."

"எனக்கும் தெரியுமே," என்றார் தைலம்மாள் சுவரோரத்திலிருந்து.

மாலதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து, அறை முழுக்கக் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள். "நாளைக்கு நான் காலேஜ்ல பாடம் நடத்தறப்ப ஒரு புள்ள எழுந்திரிச்சி இத கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "திங்கக்கெழம பத்து மணிக்கு வந்து சேருங்க. ரெண்டு பேரும். குடை, மீனுன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா அங்கியே எழுந்து போயிடுங்க."

சிதம்பரத்தில் அது எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் மாலதியின் நெறியாளர் பேராசிரியர் ராமாமிர்தம், பக்கத்தில் திருச்சியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் பேராசிரியை ஸ்ரீமதி. வெள்ளைத் தலை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். பட்டம் உண்டா இல்லையா என்பது அந்த அம்மாள் கையில். நானும் ராபர்ட்டும் ஆரோக்கியராஜும் நாலாவது வரிசை. தைலம்மாள் முதல் வரிசையில் புதுப் புடவையோடு.

மாலதி மூன்று இயல்களைக் கணீரென்று சொல்லி முடித்தாள். நாலாவதற்கு வந்ததும் தண்ணீர் குடித்தாள்.

"நாலாம் இயலில் நான் ஆதாரமாகக் காட்டியிருக்கும் பிழை திருத்தச் சீட்டு ஆசிரியருடையதன்று. 2006இல் ஒரு வாசகர் அச்சிட்டு ஒட்டியது. இதை நான் சனிக்கிழமைதான் அறிந்தேன். அந்த இயலின் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ராமாமிர்தம் முகம் சிவந்து எழுந்தார். "பதட்டம். பதட்டத்தில் ஏதோ பேசுகிறது இந்தப் பெண். அந்தச் சீட்டு உண்மையானது. எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சொக்கப்பன் அவர்கள் துறைமுகம் ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியத் தம் கையாலேயே ஒட்டியதை அவர் நேரில் பார்த்திருக்கிறார்."

நான் ராபர்ட்டைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பேராசிரியர்மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் அளவுக்கு ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

மாலதி டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். "ஐயா, இதோ மீதி நாற்பத்தொன்பது."

ராமாமிர்தம் அசரவில்லை. "ஆக, ஆசிரியர் ஐம்பது அச்சிட்டிருக்கிறார் என்பது இப்போது உறுதியாகிறது."

கூட்டத்தில் சிலர் கைதட்டிவிட்டார்கள்.

பேராசிரியை ஸ்ரீமதி மட்டும் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். "அந்த வாசகர் வந்திருக்கிறாரா?"

நான் எழுந்து நின்றேன். "வந்திருக்கேம்மா. தட்சிணாமூர்த்தி. பிழை திருத்துபவன், ஓய்வு."

"ஏன் பன்னிரண்டு நிமிஷம்? பத்து என்றோ கால் மணி என்றோ போட்டிருக்கலாமே?"

"நடந்து பாத்தேங்க. கீழவீதியிலிருந்து ரயிலடிக்கு எனக்குப் பதினெட்டு நிமிஷம் ஆச்சி. அதுல நாலு நிமிஷம் மோர் குடிச்சது, அதக் கழிச்சிட்டேன். அந்தப் பொண்ணு சின்ன வயசு, ஓடுறா, ஆனா வெறுங்காலு. அதனால ரெண்டு நிமிஷந்தான் கழிச்சேன். பன்னண்டு. அவ வீட்ட விட்டுக் கெளம்பறப்ப ரயில் ஊதுற சத்தம் கேக்குதுன்னு ஆசிரியரே எழுதியிருக்காரு. பன்னண்டு நிமிஷத்துக்குக் கொறஞ்சி குடுத்தா புடிக்க மாட்டா. ஜாஸ்தி குடுக்க எனக்கு அதிகாரம் இல்லிங்க."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தவர், அப்படியே நிறுத்தினார். "இதன் பின்னால் ஏதோ அச்சாகியிருக்கிறதே."

ராபர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான். என் காதில், "கடைசி ரெண்டுக்குப் பழைய பேப்பர் பத்தலண்ணே. செல்போன் கடை நோட்டீஸு வேஸ்ட்டுல போட்டேன்," என்றான்.

ஸ்ரீமதி அம்மாள் சத்தமாகப் படித்தார். "'சிம் கார்டு இலவசம்.' பேராசிரியர் ராமாமிர்தம், உங்கள் ஆசிரியர் துறைமுகம் ரயிலடியில் இதையும் பார்த்தாரா?"

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "எங்க வாத்தியார் கொஞ்சம் கதை விடுவார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தொழிலில் எப்போது உட்கார வேண்டும் என்று தெரிந்திருப்பது முக்கியம்.

யாரும் சிரிக்கவில்லை. மாலதி மேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கையில் குறிப்புத் தாள் இருந்தது. ஐந்து வருஷம் அங்கேயே சரிந்துகொண்டிருப்பது எனக்கு நாலாவது வரிசையிலிருந்து தெரிந்தது. என் வேடிக்கைகளில் எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்குப் பட்டேன்.

"சபையிலிருந்து வேறு கேள்வி உண்டா?" என்றார் ஸ்ரீமதி அம்மாள், முறைக்காக.

முதல் வரிசையில் தைலம்மாள் எழுந்தார்.

"நான் கேக்கலாங்களா?"

"யார் வேண்டுமானாலும் கேட்கலாம்."

தைலம்மாள் மகளைப் பார்த்துக் கேட்டார். "நானும் அஞ்சு வருசமா இந்தக் கதைய கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்தப் பொண்ணு ரயில புடிச்சிதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

மாலதி தாளை மேஜையில் வைத்தாள்.

"எழுதுனவரு கதையில புடிக்கலம்மா. செத்துட்டா. ஆனா எழுவது வருசம் கழிச்சி, அத படிச்ச ஒருத்தருக்கு மனசு கேக்கல. சிதம்பரம் வரைக்கும் வந்து, வெயில்ல நடந்து பாத்து, அவள ரயில் ஏத்தி உட்டிருக்காரு. நானும் அத படிச்சதும் உண்மையின்னு நம்பிட்டேன். எனக்கும் அவ ஏறணும்னு இருந்திருக்கு. அதான் எங்க அச்சாச்சி, எந்த மையின்னு பாக்கவே தோணல. தப்புதான்."

"அப்ப படிக்கிறவுங்கதான் ஏத்தி உடணும்னு சொல்லு," என்றார் தைலம்மாள், உட்கார்ந்துகொண்டே. "எல்லாத்தயும் எழுதுனவனே பாக்க முடியுமா?"

ஸ்ரீமதி அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "ஐந்து நிமிஷம் கொடுங்கள்," என்று ராமாமிர்தத்தை அழைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷமாயிற்று. எங்களுக்கு சமோசா வந்தது. ஆரோக்கியராஜ் என் சமோசாவையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "மாமா, என் லைப்ரரில இன்னும் எத்தினி இருக்கு?" என்று கேட்டான். முப்பத்தேழு என்றேன். நம்பவில்லை. நாற்பது என்று சொல்லியிருக்கலாம்.

அவர்கள் வெளியே வந்தார்கள். ஸ்ரீமதி அம்மாள் நின்றுகொண்டே பேசினார். "நானும் என் அறிக்கையில் நாலாம் இயலைத்தான் வானளாவப் புகழ்ந்திருக்கிறேன். அதனால் இன்று மாலதிக்கு மட்டுமல்ல, எனக்கும் சங்கடம். என்னிடம் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வந்து சொன்னது ஒரு ஆய்வாளர் செய்ய வேண்டிய காரியம். ஆனால் அந்த இயலை இப்படியே ஏற்க முடியாது. ஆசிரியரின் மனமாற்றம் வேண்டாம். வாசகர்கள் இந்த முடிவை என்ன செய்தார்கள் என்று எழுதட்டும். இவரையும் விசாரித்து எழுதட்டும். ஒரு மாதம். வந்து சேர்ந்ததும் படித்துப் பார்த்துப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். வராவிட்டால் இல்லை."

மாலதி கைகூப்பினாள். அழவில்லை. நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"ஒரு மாசம் சார். நான் எழுத எழுத நீங்கதான் பிழை பாக்கணும். தெனம். வீட்டுக்கு கொரியர்ல வரும்."

"பாக்கறேம்மா."

"எம் மேல சத்தியமா ஒரு வரி சேக்கக்கூடாது."

"சேக்க மாட்டேன்."

"சார் மூஞ்சியப் பாத்தா நம்பற மாதிரி இல்லியே," என்றாள்.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை எனக்கு நாளைக்கு இரண்டு பக்கம் வந்தது. மாலையில் அவள் போனில் விசாரணை நடத்துவாள். ஏன் நடந்தீர்கள், யார் கூட வந்தார்கள், மோர் எந்தக் கடையில், பசுவை ஏன் தேடினீர்கள். நான் சொன்ன எதையும் அவள் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. மோர்க் கடைக்காரரையே போய்ப் பார்த்து, அவர் அப்படி ஒரு ஆளை ஞாபகமில்லை என்று சொன்னதையும் அடிக்குறிப்பாகப் போட்டாள்.

புது இயல் மொத்தம் அறுபத்தோரு பக்கம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தினேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றி 'முதிர்ந்த வாசகர்' என்று ஒரு வரி வந்தது. அவ்வளவு கனமான வரி. பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்புப் போட்டால் எப்படியிருக்கும்! பேனா மூடியை இரண்டு தடவை திறந்தேன், இரண்டு தடவை மூடினேன். மூன்றாம் தடவை எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தேன். ஒன்றும் சேர்க்கவில்லை. வந்தபடியே, பிழை மட்டும் நீக்கி, அனுப்பிவிட்டேன்.

ஏப்ரலில் ஸ்ரீமதி அம்மாளின் கடிதம் வந்தது. மே மாதம் பட்டம் வந்தது. ஜூன் மாதம் மாலதி வேலையில் சேர்ந்தாள். தைலம்மாள் எனக்குப் பலாப்பழம் ஒன்று அனுப்பினார். அது இருபத்தெட்டு கிலோ. ஆரோக்கியராஜ் பதினான்கு என்பான். அவன் பாதியைத் தின்றுவிட்ட பிறகு நிறுத்தான்.

ஜூலையில் ஒருநாள் போன் வந்தது.

"சார், ஒரு தடவ முழுக்கப் படிச்சிட்டேன். எங்க வச்சிருக்கீங்கன்னு தெரியல. சொல்லிடுங்க."

"ஒண்ணும் வைக்கலம்மா."

"அடிக்குறிப்பு பதினேழுல ஒரு ஆடு வருது. அது நீங்கதான?"

"அது நீ எழுதுனது. நாவல்லயே ஆடு இருக்கு."

"அப்ப மேற்கோள்ல எங்கியாவது?"

"இல்லம்மா. நெசமாவே ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா சார்? கண்டுபிடிக்காம உட மாட்டேன்," என்று வைத்துவிட்டாள்.

இது 2012. மாலதி நாலு முறை படித்துவிட்டாள். போன பொங்கலுக்கு வந்தபோது கையோடு ஆய்வேட்டையும் ஒரு பூதக்கண்ணாடியையும் கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து அந்த இயலின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தையே பார்த்தாள். அடுத்த மாதம் கோடை விடுமுறையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறாளாம். இந்தத் தடவை கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிப்பதாகத் திட்டம்.